ஏடிஆர் சிம் அடுத்த வாரம்: மெமரி ஐட்டம் வேகமா ஒப்பிக்கத் தெரிஞ்சா போதுமா?

புதுச்சிறகு:

வணக்கம். ஒரு ரீஜினல் ஏர்லைன்ல ஃபர்ஸ்ட் ஆபீசரா சேர்ந்து நாலு வாரம் ஆகுது. விமானம் ஏடிஆர் 72-600, ரெட்டை எஞ்ஜின் டர்போபிராப் (புரொப்பெல்லர் வச்ச பயணிகள் விமானம்). கிரவுண்ட் ஸ்கூல் முடியற நிலை, அடுத்த திங்கள் சிம் (தரையில இருக்கிற மாதிரி காக்பிட், சிமுலேட்டர்) ஆரம்பம். என் லாக்புக்ல இருக்கிறது 210 மணி நேரம். அதுல ரெட்டை எஞ்ஜின் 20 மணி நேரம்தான், மீதி எல்லாம் ஒற்றை எஞ்ஜின் சின்ன விமானம்.

எங்க பேட்ச்ல எட்டு பேர். சிஸ்டம்ஸ் எக்ஸாம் எல்லாரும் பாஸ். ஆனா வகுப்புல மெமரி ஐட்டம் (அவசரத்துல புத்தகம் பார்க்காம செய்ய வேண்டியவை) கேட்டா மத்தவங்க மூச்சு விடாம ஒப்பிக்கிறாங்க. எனக்கு மட்டும் ஒரு நொடி நின்னு, மனசுல பார்த்துட்டுத்தான் வாய் திறக்குது. போன பேட்ச் ஆள் ஒருத்தர், "சிம்ல வேகம்தான் எல்லாம், கை பறக்கணும்"னு சொல்லிட்டுப் போனார். அன்னையில இருந்து சரியான தூக்கம் இல்ல. ரூம் சுவத்துல காக்பிட் போஸ்டர் ஒட்டி, ஸ்டாப் வாட்ச் வச்சுப் பழகறேன். எஞ்ஜின் ஃபயர் டிரில் நேத்து ஒன்பது நொடிக்கு வந்தது. இன்னும் குறைக்கணுமா?

ரெண்டாவது, புரியாததை இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கேட்டா டிரெய்னிங் ஃபைல்ல ஏறிடுமோன்னு பயமா இருக்கு. மூணாவது, டர்போபிராப்ல தொடங்கினவன் அதுலயே தேங்கிடுவான்னு பலர் சொல்றாங்க. உண்மையா? பறந்துட்டு இருக்கிறவங்க யாராவது சொன்னா உதவியா இருக்கும்.

இடதுசீட்:

தம்பி, அந்த ஸ்டாப் வாட்சை இன்னைக்கே எடுத்து உள்ளே வையுங்க.

பதினோரு வருஷமா ஏடிஆர்ல இருக்கேன், அதுல ஆறு வருஷம் கேப்டனா. உங்க கேள்வியைப் படிச்சிட்டு சும்மா போக மனசு வரல. நீங்க கவலைப்படற அந்த ஒரு நொடி இருக்கே, நின்னு மனசுல பார்த்துட்டு வாய் திறக்கிறது, அதைத் தொலைச்சிடாதீங்க. அது என்கிட்ட இல்லாம நான் பட்ட பாட்டைச் சொல்றேன்.

என்னோட நாலாவது சிம் செஷன். ராத்திரி ரெண்டு மணி ஸ்லாட். வி1 (அதுக்கு மேல டேக்-ஆஃபை நிறுத்தக் கூடாத வேகம்) தாண்டி, மூக்கைத் தூக்கி ரொட்டேட் பண்ணி, சக்கரம் தரையை விட்டதும் இன்ஸ்ட்ரக்டர் இடது எஞ்ஜினை நிறுத்தினார். மூக்கு இடப்பக்கம் இழுத்தது, நேராக்க ரட்டர் (வால் துடுப்பு) பெடல்ல வலது காலை அழுத்தினேன். நீங்க பறந்த சின்ன விமானத்து ரட்டர் மாதிரி நினைக்காதீங்க. தொடை நடுங்கற அளவுக்கு மிதிக்கணும், மிதிச்சபடியே பிடிச்சிருக்கணும். சக்கரத்தை உள்ளே இழுக்க கியர் அப் சொன்னேன். நானூறு அடி தாண்டினோம். டிரில் ஆரம்பிச்சேன். ஒப்பிச்சதுல ஒரு சொல் பிசகல. ஆனா கை போனது வலது பவர் லீவருக்கு. பக்கத்துல இருந்த பார்ட்னர் வாயைத் திறக்கிறதுக்குள்ள இழுத்தும் முடிச்சிட்டேன்.

இன்ஸ்ட்ரக்டர் சிம்மை ஃப்ரீஸ் பண்ணினார். ஆட்டம் நின்னது. கண்ணாடிக்கு வெளியே ஊர் விளக்கெல்லாம் சாய்ஞ்சபடி அப்படியே நின்னுடுச்சு. அவர் திட்டல. என் சீட்டுக்குப் பின்னால வந்து குனிஞ்சு, "எந்தக் கால் சும்மா இருக்கு?"ன்னு கேட்டார். இடது கால்னு சொன்னேன். "அப்ப எந்த எஞ்ஜின் போச்சு?"

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைச்சது. வலது கால் மொத்த பலத்தையும் போட்டு மிதிச்சிட்டிருக்கு, உடம்பு பூரா கவனம் வலது பக்கத்துல குவிஞ்சிருக்கு. மூளை அதையே கோளாறு இருக்கிற பக்கம்னு எடுத்துக்கிச்சு. சும்மா இருக்கிற கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்க எஞ்ஜின்தான் செத்தது. ரெட்டை எஞ்ஜின் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம். பரீட்சையிலயும் எழுதியிருக்கேன். வேகத்துக்கு ஆசைப்பட்டதுல அது எனக்குக் கைகொடுக்கல.

இதுல இன்னொண்ணு இருக்கு. ஏடிஆர்ல டேக்-ஆஃப் நேரத்துல ஒரு எஞ்ஜின் போனா, ஏடிபிசிஎஸ்ங்கிற தானியங்கி அமைப்பு அந்தப் பக்கத்து புரொப்பெல்லரை ஃபெதர் பண்ணிடும் (பிளேடு காற்றை எதிர்க்காதபடி திருப்பிடும்), நல்ல எஞ்ஜினுக்கு அப்-டிரிம் கொடுத்து சக்தியைக் கூட்டிடும். அவசரமா நடக்க வேண்டியதை விமானமே முடிச்சிடுது. உங்ககிட்ட அது கேக்கிறது மூக்கை நேரா வைக்கிறதும், வேகத்தை வி2க்கு (ஒரு எஞ்ஜின்ல பாதுகாப்பா ஏறத் தேவையான வேகம்) கீழே விடாம இருக்கிறதும்தான். லீவர்ல கை வைக்க நேரம் இருக்கு. இல்லைங்கிற எண்ணம்தான் ஆபத்து.

2015 பிப்ரவரி 4, தைபே. டிரான்ஸ்ஏசியா 235 விமான விபத்து. நீங்க பறக்கப் போற அதே 72-600. ஏறின கொஞ்ச நேரத்துல ரெண்டாம் நம்பர் (வலது) புரொப்பெல்லர் தானா ஃபெதர் ஆயிடுச்சு. எஞ்ஜின் நல்லாத்தான் இருந்தது, ஆட்டோ ஃபெதர் யூனிட்ல சாலிடர் இணைப்புல கோளாறு. ஒண்ணாம் நம்பர் எஞ்ஜின் விமானத்தைத் தூக்கிட்டுப் போற அளவுக்கு ஓடிட்டிருந்தது. கேப்டன் கை அந்த ஒண்ணாம் நம்பர் லீவரைத்தான் பின்னுக்கு இழுத்தது, கடைசியில அந்த எஞ்ஜினையே நிறுத்திட்டாங்க. தப்பு புரிஞ்சப்போ உயரம் இல்ல. 58 பேர்ல 43 பேர் இறந்துட்டாங்க. என் நாலாவது செஷன்ல நான் பண்ணினது அதேதான். எனக்கு ஃப்ரீஸ் பட்டன் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாயால சொல்லிட்டாப் போதும்னும் நினைச்சிடாதீங்க. 2023 ஜனவரி 15, நேபாளத்து பொக்காரா, யெட்டி 691 விபத்து. ஏடிஆர் 72-500. இறங்கறப்போ பறக்கிற பைலட் ஃப்ளாப்ஸ் (இறக்கையோட பின்விளிம்பு மடிப்பு) 30 கேட்டார். வலது சீட்ல இருந்தவர் 20,000 மணி நேரத்துக்கு மேல பறந்த இன்ஸ்ட்ரக்டர் கேப்டன். பதில் சரியாத்தான் சொன்னார். கை மட்டும் ஃப்ளாப் லீவருக்குப் பக்கத்துல இருக்கிற ரெண்டு கண்டிஷன் லீவரையும் (புரொப்பெல்லரைக் கட்டுப்படுத்தறது) ஃபெதருக்குத் தள்ளிடுச்சுன்னு விசாரணை சொல்லுது. ஃப்ளாப் நகரல, ரெண்டு எஞ்ஜின் டார்க்கும் (புரொப்பெல்லரைச் சுழற்றும் விசை) பூஜ்யம். ரெண்டு பேருமே அதை நேரத்துல கண்டுபிடிக்கல. 72 பேர், ஒருத்தர்கூட மிஞ்சல.

அதனால நான் லைன்ல (பயணிகளோட பறக்கிறப்போ) இன்னைக்கும் செய்யறது இது. லீவர் பேரையும் பக்கத்தையும் சொல்லுவேன். கையை அதன் மேல வச்சு நிறுத்துவேன். பக்கத்துல இருக்கிறவர் என் முகத்தைப் பார்த்து இல்ல, என் கையைப் பார்த்து "கன்ஃபர்ம்" சொல்லணும். அப்புறம் மெதுவா நகர்த்துவேன். கண் உடனே டார்க்குக்குப் போகும், கை லீவரை விடாது. தப்பான லீவர்னா அங்கேயே திருப்பிடலாம். யார் கை நகர்த்தணும்னு உங்க கம்பெனி எஸ்ஓபி (நடைமுறை விதிப் புத்தகம்) சொல்லும், அதன்படி செய்யுங்க. ஆனா கை நிக்கிற அந்த இடைவெளியை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீங்க. போஸ்டர் முன்னாடி உக்காரும்போதும் பார்ட்னரைக் கூட்டி வச்சுக்கோங்க. உங்க கை சுவத்துல எங்கே படுதுன்னு அவர் பார்க்கட்டும். அவர் சும்மா தலையாட்டிக் "கன்ஃபர்ம்" சொன்னா, வேணும்னே தப்பான லீவரைத் தொட்டுப் பாருங்க, கண்டுபிடிக்கிறாரான்னு. தனியா உக்காந்து ஒன்பது நொடி எடுக்கிறதைவிட, ரெண்டு பேரா நாற்பது நொடி எடுத்தாலும் அதுதான் பயிற்சி.

லிமிட்டேஷன்ஸ் (விமானம் தாண்டக் கூடாத வேகம், வெப்பம் மாதிரி எல்லைகள்) நெட்டுரு போட்டே ஆகணும், அதுல மாற்றுக் கருத்தே கிடையாது.

வலதுஜன்னல்:

நான் இதே விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசர், இரண்டாவது வருடம். சிம்மைப் பற்றி அண்ணன் எழுதிவிட்டார். அதற்குப் பிறகு வருவதைச் சொல்கிறேன். என்னைத் திணறடித்தது பயணிகளோடு பறந்து பழகும் லைன் டிரெய்னிங்தான்.

சிம்மில் எஞ்ஜின் போகும், தீப்பிடிக்கும், ஆனால் ரன்வே முனையிலேயே விமானம் தயாராக நிற்கும். லைனில் அப்படி இல்லை. ஒரு செக்டார் (ஒரு புறப்பாடு முதல் ஒரு இறக்கம் வரை) நாற்பது, ஐம்பது நிமிடம்தான். ஏறி நிமிர்வதற்குள் இறங்கும் வேலை தொடங்கிவிடும். அதற்குள் வானிலை எடுக்க வேண்டும், லேண்டிங் கணக்கு போட வேண்டும், அப்ரோச் செட் பண்ண வேண்டும், கேபின் குழுவிடம் பேச வேண்டும், நடுவில் கன்ட்ரோலர் ஹெடிங் மாற்றுவார். தரையிறங்கியதும் அரை மணிக்குள் அடுத்த புறப்பாடு. ஏடிஆரில் ஏபியு (தரையில் மின்சாரம் தரும் சின்னத் துணை எஞ்ஜின்) கிடையாது என்பது வகுப்பில் ஒரு வரி. ராம்ப்பில் அதுவே பெரிய விஷயம். அதற்குப் பதிலாக ஹோட்டல் மோடில் வலது எஞ்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், புரொப்பெல்லர் மட்டும் பிரேக் போட்டு நிற்கும். பயணிகள் பின்கதவு வழியாக ஏறுவதால் வால் சாய்ந்துவிடாமல் டெயில் பிராப் முட்டுக் கொடுத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டார்களா, புரொப்பெல்லரை விடுவிக்கும் முன் அந்தப் பக்கம் ஆள் யாரும் இல்லையா, இதையெல்லாம் முதல் வாரத்தில் கேப்டன்தான் எனக்கு நினைவூட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது வாரத்தில் முழங்காலில் கட்டிய அட்டையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே சொல் எழுதிக்கொண்டேன். ஒரு மாதத்தில் அந்த அட்டை தேவைப்படவில்லை.

லேண்டிங். என் முதல் பன்னிரண்டு பதிமூன்று லேண்டிங்கும் 'தொம்'. ஐம்பது அடியில் பழைய பழக்கத்தில் பவரை முழுக்க இழுத்துவிடுவேன். டர்போபிராப்பில் இறக்கையின் ஒரு பகுதிக்குப் புரொப்பெல்லர் தள்ளும் காற்றுதான் தூக்கு சக்தி கொடுக்கிறது. பவரை வெட்டினால் அதுவும் சேர்ந்து போகும், கூடவே அந்தப் பெரிய ஆறு பிளேடும் பிரேக் மாதிரி இழுக்கும். விமானம் உட்கார்ந்துவிடும். என் டிரெய்னிங் கேப்டன் ஒருநாள், பவர் லீவரில் இருந்த என் கைமேல் தன் கையை வைத்து, ஃப்ளேர் (தொடும் முன் மூக்கைத் தூக்கும் கட்டம்) முழுக்க எவ்வளவு மெதுவாகக் குறைக்கிறார் என்று காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. வாயால் பத்து முறை கேட்டும் புரியாதது அந்த ஒரு முறை கையில் ஏறிவிட்டது. அன்று முதல் ஒவ்வொரு லேண்டிங்குக்கும் காற்று, எடை, எங்கே பவர் எடுத்தேன், எங்கே தொட்டேன் என்று லாக்புக் ஓரத்தில் குறித்து வைக்கிறேன்.

ஜெட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒரே நாளில் ஆறு செக்டார் வரை வரும். பாதி என் கையில் என்றாலும் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங். கரன்ஸிக்கு (பறக்கும் தகுதி காலாவதியாகாமல் இருக்க) 90 நாளில் மூன்று வேண்டும் என்பது விதி. நீண்ட தூர விமானங்களில் இருக்கும் என் தோழி அந்த மூன்றுக்காகச் சில சமயம் சிம்முக்குப் போகிறாள். எங்களோடு பறந்த மூன்று பேர் போன வருடம் ஜெட்டுக்குப் போனார்கள், யாரையும் டர்போபிராப் என்று தடுக்கவில்லை. ஆனால் இப்போது அதைப் பற்றி யோசிக்காதீர்கள் தம்பி. லைன் செக் (லைன் டிரெய்னிங் முடிவுத் தேர்வு) முடியட்டும்.

தூக்கத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டாண்ட்பை நாளில் (கூப்பிட்டால் பறக்கத் தயாராக இருக்க வேண்டிய நாள்) அழைப்பு வராது என்று நினைத்து ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, அதிகாலையில் கூப்பிட்டபோது 'தூங்கவில்லை, பறக்கத் தகுதியாக இல்லை' என்று சொல்ல வேண்டி வந்தது. சொன்னேன். போய் விளக்கமும் கொடுத்தேன். சொல்லாமல் போய் உட்கார்ந்திருந்தால்தான் இன்றும் எனக்கு மனது உறுத்திக்கொண்டிருக்கும்.

சிம்ஆசான்:

சிம் இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறேன். கேப்டன் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் ஒரு திருத்தம். எல்லாவற்றிலும் நின்று யோசிக்கலாம் என்று இந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளக் கூடாது. வி1க்கு முன் கேப்டன் 'ஸ்டாப்' என்றால் யோசிக்க நேரமில்லை. தரை அருகில் 'புல் அப்' என்று எச்சரிக்கை வந்தால் அப்படியே. கேபின் அழுத்தம் போனால் ஆக்சிஜன் மாஸ்க் முதலில் முகத்துக்குப் போக வேண்டும், பேச்செல்லாம் அப்புறம். ஸ்டாலும் (இறக்கை தூக்கு சக்தியை இழப்பது) இந்தப் பட்டியலில்தான் வரும்.

2009 பிப்ரவரி 12, அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் 3407 விபத்து, டாஷ் 8 க்யூ400 டர்போபிராப். ஸ்டால் வரப்போகிறது என்று எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் அதிர்ந்தது. கேப்டன் கன்ட்ரோலை முன்னால் தள்ளுவதற்குப் பதிலாகப் பின்னால் இழுத்தார். ஃபர்ஸ்ட் ஆபீசர் யாரும் கேட்காமலே ஃப்ளாப்பை ஏற்றினார். விமானத்தில் 49 பேர், தரையில் ஒருவர் இறந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் ஸ்டால் பயிற்சியில் உயரம் இழக்காமல் மீள்வதற்கே மதிப்பெண். இன்று என் மாணவர்களிடம் நான் முதலில் பார்ப்பது மூக்கைக் கீழே விடுகிறார்களா என்பதை. உயரம் போகட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஏர்லைன் ஃபர்ஸ்ட் ஆபீசர்களுக்கு 1,500 மணி நேரம் என்ற விதி 2013இல் வந்ததும் இந்த விபத்தை ஒட்டித்தான்.

ஆகவே உங்கள் மெமரி ஐட்டம்களை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். உடனே கை போக வேண்டியவை ஒரு பக்கம். திருப்ப முடியாத ஒன்றை அணைப்பவை, மூடுபவை, ஃபயர் ஹேண்டில் (எஞ்ஜினுக்கு எரிபொருளை அடைப்பது) இழுப்பவை இன்னொரு பக்கம். ஒப்பிப்பதை விட இந்தப் பிரிவைத் தெரிந்து வைத்திருப்பவரை எனக்கு அரை மணியில் அடையாளம் தெரிந்துவிடும்.

ஃபைல் பற்றிக் கேட்டீர்கள். எழுதுவேன், அது என் வேலை. "பிரீஃபிங்கில் ஏடிபிசிஎஸ் பற்றிக் கேட்டார், விளக்கியபின் சரியாகச் செய்தார்" என்று எழுதினால் அடுத்த இன்ஸ்ட்ரக்டர் நிம்மதியாகப் படிப்பார். கேட்காமல் மறைத்த சந்தேகம் ஏழாவது செஷனில் வெளிவந்தால், அதைச் சரிசெய்ய என்னிடம் ஸ்லாட் இருக்காது. போன மாதம் ஒரு பெண் முதல் நாளே, "சார், வலது ரட்டர் முழுக்க மிதிக்க என் கால் எட்டவில்லை" என்றாள். மற்றவர்கள் முன் சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். சீட்டையும் பெடலையும் சரிசெய்ய இரண்டு நிமிடம்தான் ஆனது. அவள் சொல்லாமல் விட்டிருந்தால் நான்கு செஷனை ரட்டர் சரியில்லை என்றே எழுதி வீணடித்திருப்பேன்.

இடதுசீட்:

சார் சொன்ன திருத்தம் சரி. நான் லீவர், ஃபயர் ஹேண்டில் பக்கத்தை மட்டுமே மனசுல வச்சு எழுதிட்டேன். தம்பி, மாஸ்க்கை மட்டும் நீங்க ஸ்டாப் வாட்ச் வச்சே பழகலாம். கண்ணாடி போடறவரா இருந்தா கண்ணாடியோட பழகுங்க.

புதுச்சிறகு:

எல்லாருக்கும் மனசார நன்றி. நேத்து மூணாவது செஷன் முடிஞ்சது, அதான் எழுதறேன்.

சிம்ஆசான் சார் சொன்னபடி பட்டியலை ரெண்டாப் பிரிச்சு எழுதி, பார்ட்னரும் நானும் போஸ்டர் முன்னாடி மூணு ராத்திரி உக்காந்தோம். அவர்தான் எங்க பேட்ச்லயே வேகமா ஒப்பிக்கிறவர். முதல் ராத்திரி, இடதுசீட் அண்ணன் சொன்ன மாதிரி வேணும்னே தப்பான லீவரைத் தொட்டேன். அவர் போஸ்டரைப் பார்க்காமலே "கன்ஃபர்ம்" சொல்லிட்டார். நான் கையை எடுக்காம அப்படியே வச்சிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசல. அதுக்கப்புறம் ரெண்டு பேருமே மாறிட்டோம்.

நேத்து அவர் பறக்கிறப்போ வி1க்கு அப்புறம் வலது எஞ்ஜின் போச்சு. எங்க எஸ்ஓபில பவர் லீவர் பறக்கிறவர் கை. "பவர் லீவர், ரெண்டு"ன்னு சரியாச் சொன்னார், கை ஒண்ணு மேல இருந்தது. "இல்ல, கை ஒண்ணுல இருக்கு"ன்னு சொன்னேன். என் குரல் நடுங்கிச்சு. அவர் கையை எடுத்து, காலைப் பார்த்து, டார்க்கைப் பார்த்து, மறுபடி சொல்லி ரெண்டு மேல வச்சார். இன்ஸ்ட்ரக்டர் சிம்மை நிறுத்தல. சுத்தி வந்து ஒரே எஞ்ஜின்ல இறக்கினோம்.

டிப்ரீஃபிங்ல, அப்-டிரிம் வந்ததா இல்லையான்னு எனக்கு எங்கே பார்க்கணும்னே தெரியல சார்னு நானே கேட்டேன். போர்டுல படம் போட்டு விளக்கினார். ஃபைல்லயும் எழுதினார், நான் பார்த்தேன்.

நாளைக்கு ஒற்றை எஞ்ஜின் கோ-அரவுண்ட் (இறங்காம மறுபடி மேலே ஏறறது). ஸ்லாட் காலை அஞ்சு மணிக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்ட்னர் வந்துடுவார், எட்டு மணிக்கு ரெண்டு பேரும் படுத்துடுவோம். கோ-அரவுண்ட்ல பவர் ஏத்தும்போது ரட்டர் காலும் சேர்ந்து போகணும்னு மேனுவல்ல படிச்சேன். காலை முன்கூட்டியே தயாரா வச்சுக்கணுமா, இல்ல மூக்கு நகர்றதைப் பார்த்துட்டு மிதிக்கணுமா?

இடதுசீட்:

பவரும் காலும் ஒண்ணாப் போகணும், தம்பி. மூக்கு நகர்ந்ததுக்கு அப்புறம் மிதிச்சா, பிடிக்கிறதுக்குள்ள அது தாண்டிப் போயிடும். கை எவ்வளவு வேகத்துல பவர் ஏத்துதோ அதே வேகத்துல கால் போகட்டும். இன்னைக்கு சாயங்காலம் போஸ்டர் முன்னாடி நாற்காலியில உக்காந்து, கையையும் காலையும் சேர்த்துத் தள்ளி இருபது தடவை பழகிட்டுப் படுங்க. ஷூவைப் போட்டுக்கிட்டுப் பண்ணுங்க.